ஆளறிந்து பழகிய சுவார்ட்ஸ் பாதிரியார்

1781-ம் ஆண்டு வாக்கில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் புகுந்தது.

மைசூர் ஐதர் அலியின் குதிரைப்படை சோழநாட்டைச் சூறையாடிக் கொண்டிருந்தது. வயல்கள் பாழாயின. கிராமத்து ஜனங்கள் உயிர் பிழைக்கக் கோட்டைக்குள் ஓடி வந்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் பிணங்கள் கிடந்தன. கோட்டையைக் காக்க வேண்டிய சிப்பாய்களே பசியால் சுருண்டு விழுந்தார்கள்.

நாட்டில் நெல் இல்லையா? இருந்தது. அது கிராமங்களில் இருந்தது. அதைச் சுமந்து வர மாடு வேண்டும். மாடு வைத்திருந்த குடியானவர்கள் வர மறுத்துவிட்டார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. முன்பு பல தடவை வேலை வாங்கிக்கொண்டு அவர்களை ஏமாற்றி இருந்தார்கள். அதனால் அரசர் சொன்ன சொல்லை அவர்கள் நம்பவில்லை. கம்பெனி அதிகாரிகள் சொன்ன சொல்லையும் நம்பவில்லை.

கடைசியில் அரசருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு பாதிரியாருக்கு எழுதாத வெற்றுத்தாள் ஒன்றை அனுப்பினார். குடியானவர்களோடு என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் செய்துகொள்ளும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தார்.

பாதிரியார் நாலாபுறமும் கடிதம் அனுப்பினார். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாக எழுதினார். எதிரிகள் மாட்டைப் பிடித்துக்கொண்டால் அதற்கும் பணம் தருவதாக எழுதினார்.

ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்துவிட்டன! பாதிரியாரின் உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிருக்குத் துணிந்து கிராமங்களுக்குப் போனார்கள். கொஞ்ச காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கோட்டை பிழைத்தது.

சொன்னபடியே பாதிரியார் தம் கையால் கூலி கொடுத்தார். கூலிக்கு மேல் சிறிது வெகுமதியும் கொடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

அரசரால் முடியாததைச் செய்த அந்தப் பாதிரியார் யார்? அவர்தான் கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ்.

தாயின் வேண்டுதல்

சுவார்ட்ஸ் 1726-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தார். சொந்த ஊர் சோனன்பர்க். அப்போது அது ஜெர்மனியில் பிரஷ்ய அரசின் கீழ் இருந்தது. இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது.

குழந்தையாக இருக்கும்போதே அவர் தாயை இழந்தார். சாகும் தறுவாயில் அந்த அம்மாள் கணவரையும் ஊர்ப் பாதிரியாரையும் அழைத்தாள். பிள்ளையைக் கடவுளின் ஊழியத்துக்கு நேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். அதற்கு ஏற்றபடி வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

சுவார்ட்ஸ் ஹாலே என்ற நகரில் படித்தார். தமிழ்நாட்டில் வேலை செய்து திரும்பிய சூல்ட்ஸ் பாதிரியார் அங்கே இருந்தார். தமிழ் பைபிளை அங்கே அச்சிட வேண்டும் என்று அவர் முயன்றார். அந்த வேலைக்கு உதவியாகச் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார்.

அச்சு வேலை நின்றுபோயிற்று. ஆனால் படித்த தமிழ் வீண் போகவில்லை. தமிழ்நாட்டுக்குப் போக ஆள் தேடியபோது, தமிழ் தெரிந்த அந்த வாலிபர் மீது பெரியவர்களின் பார்வை விழுந்தது.

1749-ல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் அவர் குருப்பட்டம் பெற்றார். 1750 ஜனவரியில் இங்கிலாந்தில் கப்பல் ஏறினார். ஜூலையில் கடலூர் வந்து இறங்கினார். அந்த மாதக் கடைசியில் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தார். அந்த ஊர் அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. சீகன்பால்க் கட்டிய எருசலேம் கோவிலில் நின்று, தமிழிலே முதல் பிரசங்கம் செய்தார்!

ஐந்து வருஷப் படிப்பு

பேசத் தெரிந்தால் போதுமா? கேட்கிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

சுவார்ட்ஸ் அப்படித்தான் நினைத்தார். இந்நாட்டு மக்கள் போற்றும் புராண நூல்களைத் தமிழில் படிக்கத் தொடங்கினார். ஐந்து வருஷம் அதற்காகச் செலவிட்டார். ஒரு கிராமத்துப் பெரியவரோடு பேச உட்கார்ந்தால், அந்தப் பெரியவருக்குத் தெரிந்த கதையிலிருந்தே அவரால் பேச்சை எடுக்க முடிந்தது.

மொழிகளையும் அவர் அப்படியே கற்றார். ஒவ்வொரு மொழிக்குப் பின்னாலும் ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். ஊர் மக்களுக்காகத் தமிழ், வெள்ளைக்காரச் சோல்ஜர்களுக்காக ஆங்கிலம், கடற்கரை ஊர்களில் இருந்த கலப்பு வம்சத்தாருக்காகப் போர்ச்சுகீசு என்று கற்றார். நவாப்பின் அரண்மனையில் பேசப் பாரசீகமும் இந்துஸ்தானியும் வேண்டி இருந்தன. தஞ்சை அரச குடும்பத்துக்காகப் பிறகு மராத்தியும் படித்தார். தாய்மொழியான ஜெர்மன் இருக்கவே இருந்தது.

எல்லாரும் தம்முடைய பாஷைக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்குத் தாமே போனார்.

சோல்ஜர்கள் மத்தியில்

1762-ல் சுவார்ட்ஸ் திருச்சிராப்பள்ளிக்குக் கால்நடையாக வந்தார். அங்கே கம்பெனியின் பட்டாளம் இருந்தது. குடியும் சூதும் சண்டையும் பட்டாளத்து வாழ்க்கையில் சகஜம். அவர்களுக்கென்று பாதிரியார் யாரும் அங்கே இல்லை.

சுவார்ட்ஸ் அவர்களிடையே போனார். அப்போது அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அதற்காக வெட்கப்படவில்லை. அச்சில் வந்த ஆங்கிலப் பிரசங்கங்களை முதலில் வாசித்துக் காட்டினார். பழகப் பழக நாக்கு திருந்தியது. பிறகு தாமாகவே பேசத் தொடங்கினார்.

ஒரு சமயம் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் இறந்தார்கள். சோல்ஜர்களின் பிள்ளைகள் பலர் அநாதை ஆனார்கள். அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார் சுவார்ட்ஸ். 1764-ல் மதுரை முற்றுகையில் காயம்பட்டவர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னார்.

முரட்டுச் சோல்ஜர்களின் மனம் இளகியது. கோவில் கட்டச் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்தார்கள். 1766-ல் திருச்சிக் கோட்டையில் பெரிய தேவாலயம் எழுந்தது.

அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு பழைய கட்டடத்தில் ஓர் அறை. கட்டிலும் அவரும் இருக்க மட்டும் இடம். சாப்பாடு, இந்நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும். உடுப்பு, கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. வருமானம் ஆண்டுக்கு 48 பவுன் அளவுதான்.

பிறகு பட்டாளத்துப் பாதிரியார் வேலைக்காகச் சர்க்கார் ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தது. முதல் வருஷப் பணத்தில் பாதிரிமார் வீடும் பள்ளிக்கூடமும் எழுந்தன. அதன் பிறகு பாதிப் பணத்தைச் சபைக்கே கொடுத்துவந்தார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. கடைசிவரை பிரமசாரி.

அரண்மனையில்

1769-ல் தஞ்சை அரசர் துளஜாஜியைச் சுவார்ட்ஸ் முதன் முதலாகச் சந்தித்தார். பேச்சு முதலில் பாரசீக மொழியில், மொழிபெயர்ப்பாளர் மூலம் நடந்தது. நடுவில் ஓர் ஆள் இருந்தால் மனசு விட்டுப் பேச முடியுமா? தமிழில் பேச அனுமதி கேட்டார் சுவார்ட்ஸ். அரசர் சம்மதித்தார். அன்று முதல் அரசர் அவரைத் தம்முடைய பாதிரியார் என்றே கருதினார்.

அரசரிடம் அவர் மரியாதையாகப் பேசுவார். ஆனால் முகஸ்துதி செய்ய மாட்டார். குடிமக்கள் படும் கஷ்டத்தை அரசரின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வார். கம்பெனி அதிகாரிகளிடம் போனால், அரசருக்கு அவர்கள் செய்த அநியாயத்தைச் சொல்வார்.

1773-ல் நவாப்பும் கம்பெனியும் சேர்ந்து தஞ்சையைப் பிடித்தார்கள். துளஜாஜி சிறைப்பட்டார். 1776-ல் நாடு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. நண்பர்கள் மாறிய காலத்திலும் சுவார்ட்ஸ் மாறவில்லை. 1778-ல் தஞ்சைக்கே குடிவந்துவிட்டார்.

துளஜாஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. அதனால் சுவார்ட்சின் நட்பும் குறையவில்லை.

ஐதர் அலியிடம் தூது

1779-ல் சென்னை கவர்னருக்கு ஒரு பெரிய கவலை. ஐதர் அலி யுத்தத்துக்குத் தயாராகிறாரா என்று தெரியவேண்டும். சமாதானத்தை விரும்புவதாக அவரிடம் சொல்லவேண்டும். யாரை அனுப்புவது? மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இந்துஸ்தானியில் பேசக்கூடியவர் வேண்டும். லஞ்சத்துக்கு மயங்காதவர் வேண்டும்.

சுவார்ட்சைக் கேட்டார்கள். யுத்தம் வராமல் தடுக்க முடியும் என்றால் போகலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஜூலையில் புறப்பட்டு ஆகஸ்டுக் கடைசியில் சீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார்.

ஐதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அபார ஞாபகசக்தி. ஒரே சமயத்தில் பல பேருக்கு உத்தரவு சொல்லக்கூடியவர். அவரிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பயன் இல்லை. சுவார்ட்ஸ் நேராகப் பேசினார். அந்த நேர்மை ஐதருக்குப் பிடித்துவிட்டது.

சீரங்கப்பட்டணத்தில் ஐதரிடம் வேலை பார்த்த ஐரோப்பியர்கள் இருந்தார்கள். அவர்களைக் கூட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் சுவார்ட்ஸ் ஆராதனை நடத்தினார். ஐதரின் ஆட்கள் அதைத் தடுக்கவில்லை.

புறப்படும்போது வழிச் செலவுக்கு என்று 300 ரூபாய் கொடுத்தார் ஐதர். சுவார்ட்ஸ் அதைக் கொண்டுவந்து சென்னைச் சர்க்காரிடம் கொடுத்தார். அவர்கள் வாங்கவில்லை. அதைத் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாகப் போட்டார்.

தூது பலிக்கவில்லை. 1780-ல் யுத்தம் வந்தே விட்டது. ஆனால் ஐதர் தம் படைகளுக்கு ஓர் உத்தரவு போட்டார். அந்தப் பாதிரியார் எங்கே போனாலும் யாரும் தடுக்கக்கூடாது. அவருக்குத் தீங்கு செய்யக்கூடாது. எதிரி நாட்டுக்காரர் ஒருவருக்குப் போர்க்களத்தில் கிடைத்த மரியாதை இது!

ஏழாயிரம் பேர்

யுத்தம் முடிந்த பின்பும் தஞ்சைக் குடியானவர்களின் துயரம் தீரவில்லை. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. திரும்பி வரும்படி அரசர் கேட்டார். யாரும் வரவில்லை.

மறுபடியும் சுவார்ட்சின் உதவியை நாடினார்கள். இனி நியாயம் நடக்கும் என்று அவர் சொல்லி அனுப்பினார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள்!

விதைக்கும் பருவம் தாண்டிப் போயிருந்தது. அவர் தங்களுக்குச் செய்ததற்குப் பதிலாக இரவு பகலாக உழைப்பதாகக் குடியானவர்கள் உறுதி சொன்னார்கள். அப்படியே உழைத்தும் காட்டினார்கள்.

அந்த ஜனங்களுக்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை. சொன்ன சொல் தவறாத ஒரு மனிதர் தேவைப்பட்டார். சுவார்ட்சுக்கு அது புரிந்திருந்தது.

சபைக்குள்ளே

வெளியே இப்படி என்றால், தம்முடைய சபைக்குள் எப்படி இருந்தார்?

சபை என்றால் ஒரே மாதிரி மனிதர்கள் அல்ல. உபதேசியார், சிறு பையன், விதவை, படித்தவர், படிக்காதவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். எல்லாரையும் ஒரே கோலால் ஓட்ட முடியாது.

உபதேசியார்களைச் சுவார்ட்ஸ் தினமும் காலையில் கூட்டுவார். சேர்ந்து ஜெபம் செய்வார்கள். பிறகு ஆளுக்கு ஒரு திசையாக ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் வந்ததும், யாரைப் பார்த்தார்கள், என்ன பேசினார்கள் என்று விசாரிப்பார். வேலையைக் கொடுத்துவிட்டுக் கூடவே நின்று வழி காட்டும் முறை இது.

தரங்கம்பாடிப் பாதிரியார் கோலாப்பின் மகன் ஜான் காஸ்பர். அந்தப் பையனைத் தம் பிள்ளை போல வளர்த்தார் சுவார்ட்ஸ். 1787-ல் அவர் குருப்பட்டம் பெற்றார். சுவார்ட்சுக்குப் பிறகு தஞ்சையில் நெடுங்காலம் ஊழியம் செய்தார்.

1785-ல் பாளையங்கோட்டையில் ஒரு சிறுவனைப் பார்த்தார். வயது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். கூர்மையான புத்தி. பெற்றோரிடம் கேட்டு அவனைத் தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் புகழ் பெற்ற கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார்.

சத்தியநாதன் என்ற உபதேசியார் வேறு மாதிரி. தனித்து நின்று ஒரு சபையை நடத்தும் திறமை அவருக்கு இருந்தது. அவரைத் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பினார். 1790-ல் அவருக்குக் குருப்பட்டமும் கிடைத்தது. வெள்ளைக்காரர்தான் சபையை நடத்த வேண்டும் என்று சுவார்ட்ஸ் நினைக்கவில்லை.

1785-ம் ஆண்டு வாக்கில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் பள்ளிக்கூடங்கள் தோன்றின. தஞ்சை ரெசிடெண்ட் சலிவனும் அவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் இந்துப் பிள்ளைகள். பிள்ளைகளை ஏமாற்றி மதம் மாற்றும் எண்ணம் தமக்கு இல்லை என்பதைச் சுவார்ட்ஸ் தெளிவாக்கினார். பெற்றோர்கள் நம்பி அனுப்பினார்கள்.

கிளாரிந்தா

ஆள் அறிந்து பழகுவது என்றால் எல்லாரிடமும் வளைந்து கொடுப்பது என்று அர்த்தமா? ஒரு பெண்ணின் கதை அதற்குப் பதில் சொல்லும்.

அவர் மராத்தியப் பிராமணக் குடும்பத்து விதவை. கணவர் இறந்த பிறகு ஓர் ஆங்கில அதிகாரி அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். இருவரும் திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்த அதிகாரியிடமிருந்து கிறிஸ்தவ மதத்தைப் பற்றி அவர் தெரிந்துகொண்டார். ஞானஸ்நானம் கொடுக்கும்படி சுவார்ட்சைக் கேட்டார்.

சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். இப்படி வாழும் வரை ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்பது அவர் முடிவு. அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! உறவினர் கைவிட்டார்கள். புதிதாகத் தேடி வந்த வாசலும் மூடிவிட்டது.

ஆனாலும் அவர் சோர்ந்துபோகவில்லை. அதிகாரி இறந்த பிறகு பாளையங்கோட்டையில் தொடர்ந்து வசித்தார். 1778-ல் சுவார்ட்ஸ் அங்கே வந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயர் அப்போது வந்தது.

1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள் எழுதப்பட்டன. முதல் பெயர் கிளாரிந்தாவுடையது! ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவர், அந்தச் சபைக்கே தாயாக ஆனார். அவர் முயற்சியால் எழுந்த கோவிலைச் சுவார்ட்ஸ் 1785-ல் பிரதிஷ்டை செய்தார். ஊர் ஜனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று அழைத்தார்கள்.

கோவிலுக்குள் இரண்டு பக்கம்

சுவார்ட்ஸ் வளையாத இடம் ஒன்றைப் பார்த்தோம். அவர் வளைந்த இடமும் ஒன்று உண்டு.

தஞ்சைச் சபையில் பல சாதியார் சேர்ந்தார்கள். மேல் சாதி என்று எண்ணிக்கொண்டவர்கள் மற்றவர்களோடு கலந்து உட்கார மறுத்தார்கள். ஒரே கோவில்தான். ஆனால் ஒரு பக்கம் அவர்கள். மறு பக்கம் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள். திருவிருந்து எடுக்கும்போதும் இந்தப் பிரிவு இருந்தது.

சுவார்ட்ஸ் இதை விரும்பவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. கட்டாயப்படுத்தினால் ஓடிவிடுவார்கள் என்று பயந்தார். பொறுமையாகச் சொல்லி வந்தால் நாளடைவில் தானாக மாறும் என்று நம்பினார்.

அவர் இருந்தவரை ஓரளவு அமைதி இருந்தது. அவர் போன பிறகு என்ன நடந்தது?

1820-களில் வந்த புதிய பாதிரிமார்கள் இந்தப் பிரிவினையை ஒழிக்க முயன்றார்கள். சபையில் பெரும் கலகம் மூண்டது. பழைய வழக்கத்தை மாற்றக்கூடாது என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? சுவார்ட்ஸ் வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியார்தான்! சுவார்ட்ஸ் ஐயர் காலத்து வழக்கத்தை இப்போது ஏன் மாற்ற வேண்டும் என்பதுதான் எதிர்த்தவர்களின் பேச்சு.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சையில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

யோசித்துப் பாருங்கள். கிளாரிந்தா தனி மனுஷி. அவரிடம் சுவார்ட்ஸ் கண்டிப்பாக இருந்தார். மேல் சாதியார் பெருங்கூட்டம். அவர்களிடம் விட்டுக்கொடுத்தார். மறு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழைகளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

எவ்வளவு பெரியவருக்கும் இந்தச் சோதனை வரும். பேசும் முறையை ஆளுக்கு ஏற்ப மாற்றலாம். நியாயத்தை ஆளுக்கு ஏற்ப மாற்றினால், அந்தக் கணக்கைப் பின்னால் வருகிறவர்கள் தீர்க்க வேண்டி இருக்கும்.

இருட்டறையில் இளவரசர்

1787-ல் துளஜாஜி மரணப் படுக்கையில் இருந்தார். அவருக்கு வாரிசு இல்லை. உறவினரின் மகன் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தார். பையனுக்கு அப்போது சுமார் பத்து வயது. அவனுக்குப் பாதுகாவலராக இருக்கும்படி சுவார்ட்சைக் கேட்டார்.

சுவார்ட்ஸ் ஏற்கவில்லை. அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு பாதிரியாரால் ஒரு குழந்தையை எப்படிக் காக்க முடியும் என்று நினைத்தார். துளஜாஜியின் சகோதரர் அமர்சிங்கைப் பொறுப்பாளர் ஆக்கும்படி யோசனை சொன்னார்.

யோசனை விபரீதமாக முடிந்தது. சுவீகாரம் செல்லாது என்று சொல்லிக் கம்பெனி அமர்சிங்கையே அரசர் ஆக்கிவிட்டது. சரபோஜியை வெளிச்சம் புகாத அறையில் வைத்தார்கள். படிப்பும் இல்லை.

சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தார். கம்பெனிக்கு எழுதினார். மறுபடி மறுபடி எழுதினார். பையனுக்குக் காவல் வைத்தார்கள். 1793-ல் சரபோஜியைச் சென்னைக்கே அனுப்பிவிட்டார்கள். அங்கே நல்ல கல்வி கிடைத்தது. சுவீகாரம் செல்லும் என்பதற்கு ஆதாரங்களைக் காட்டிச் சுவார்ட்ஸ் வாதாடினார்.

சரபோஜியைக் கிறிஸ்தவராக்க அவர் கட்டாயப்படுத்தவில்லை. சரபோஜி கடைசி வரை இந்துவாகவே இருந்தார். ஆனால் சுவார்ட்சைத் தந்தையாகவே எண்ணினார்.

கடைசி யாத்திரை

1798 பிப்ரவரி 13-ம் தேதி தஞ்சையில் சுவார்ட்ஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 71. தமிழ்நாட்டுக்கு வந்து 48 வருஷம் ஆகப்போகிற சமயம். இடையில் ஒரு தடவைகூட அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. தம்மிடம் இருந்த சொத்தை எல்லாம் சபைக்கும் ஏழைகளுக்கும் எழுதி வைத்திருந்தார்.

பெட்டியை மூடும் முன் ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சரபோஜி ஓடி வந்தார். கண்ணீர் விட்டு அழுதார். கல்லறை வரை கூடவே நடந்தார். கூடியிருந்த ஏழை மக்களின் அழுகைச் சத்தத்தில் பாட்டுப் பாடக்கூட முடியவில்லை.

சுவார்ட்ஸ் போராடிய காரியம், அவர் இறந்த சில மாதங்களிலேயே பலித்தது. அதே 1798-ம் ஆண்டில் சரபோஜி தஞ்சையின் மன்னர் ஆனார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்துப் பெரும் புகழ் பெற்றார்.

தம்மைக் காத்தவரை மன்னர் மறக்கவில்லை. இங்கிலாந்தின் பெயர் பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்று செய்வித்தார். படுக்கையில் சுவார்ட்ஸ் இருக்கிறார்; அருகே மன்னர் நிற்கிறார். சென்னைக் கோட்டையில் உள்ள தேவாலயத்திலும் கம்பெனியார் ஒரு சின்னம் வைத்தார்கள்.

தஞ்சைப் பெரிய கோவிலை அடுத்த சிவகங்கைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் சுவார்ட்ஸ் கட்டிய தேவாலயம் இருக்கிறது. இந்து மன்னர் ஒருவர் கிறிஸ்தவப் பாதிரியாருக்கு வைத்த அந்தப் பளிங்குச் சிற்பத்தை இன்றும் அங்கே பார்க்கலாம்.